கல்யாண உடுப்பில் ஒரு கழுதைச் சவாரி

சிஜ்ஜியேவி ஊரில் லிபராட்டாவின் வாய்க்குப் பயப்படாதவர் இல்லை. ஆனால் அவள் பெயர் மால்டா முழுக்க அடிபட்டது வாயால் அல்ல, ஒரு கால்சட்டையால்.

பேதுரு, பவுல் புனிதர்களின் திருநாளான இம்னார்யாவுக்குக் கூட்டிப்போவதாகக் கல்யாணத்தின்போதே மாப்பிள்ளை பெண்ணுக்கு வாக்குக் கொடுப்பது அங்கே பழைய வழக்கம். முதல் வருஷம் அவள் கல்யாண உடுப்போடுதான் போவாள். லிபராட்டாவின் புருஷன் நேனுவும் வாக்குக் கொடுத்தான், கூட்டியும் போனான். புஸ்கெட் தோப்பில் முயல்கறிச் சட்டிக்குப் பக்கத்தில் அவளை உட்காரவைத்துவிட்டு, கழுதைப் பந்தயத்துக்குப் போய்விட்டான். மறுவருஷத்திலிருந்து பந்தயம் முடியும் ரபாத் மேட்டின் உச்சியில் தண்ணீர் வாளியோடு நிற்பது அவள் வேலையானது. கழுதை பெர்லாவுக்குத் தீனி வைத்ததும், விடியலில் மேட்டில் ஏற்றிப் பழக்கியதும் அவள்தான். ஏறி உட்கார்ந்து பேர் வாங்கியது நேனு.

இந்த வருஷம் திருநாள் நெருங்கும்போது அவன் ஏணியிலிருந்து விழுந்து முழங்காலை உடைத்துக்கொண்டான். தம்பி விஸ்டின் உடனே வந்துவிட்டான்.

"பெர்லாவ நான் ஓட்டுறேண்ணே."

"ஓட்டிக்கடா" என்றான் நேனு.

"நான் பழக்குன கழுதைய நீ யாரு குடுக்க?" என்றாள் லிபராட்டா. "நான் ஓட்டப்போறேன்."

விஸ்டின் சிரித்தான். "சேணம் கெடையாது அண்ணி, வெறும் முதுகு. பாவாடையோட விழுந்தா ஊரே பாக்கும்."

"பாவாடைதான ஒனக்குக் கவலை? அத நான் பாத்துக்கறேன்."

"மானத்த வாங்காத லிபராட்டா" என்றான் நேனு.

"கல்யாணத்தன்னிக்கு என்ன சொன்ன? இம்னார்யாவுக்குக் கூட்டிப்போறேன்னு. கறிச்சட்டிக்குக் காவல் வெக்கிறேன்னா சொன்ன?"

அன்று மாலையே பெட்டியிலிருந்து கல்யாண உடுப்பை எடுத்துப் பிரித்துக் கால்சட்டையாகத் தைத்தாள். இடுப்புக்குத் துணி போதவில்லை. மேசைவிரிப்பில் வெட்டி ஒட்டுப் போட்டாள். கணுக்காலில் சரிகைப் பின்னலை மட்டும் அப்படியே விட்டுவைத்தாள்.

பந்தயக் கோட்டில் அவளைப் பார்த்த ஒருவன், "யாருக்குக் கல்யாணம்?" என்றான்.

"ஒனக்கு இல்ல. பயப்படாத."

கையில் குட்டைக் கம்போடு, பெர்லாவின் பின்முதுகில் தள்ளி உட்கார்ந்தாள். கொடி இறங்கியது. வளைவில் பாதி சரிந்துபோனாள். கூட்டம் ஊளையிட்டது. கழுதையின் பிடரியைப் பற்றி இழுத்து மேலே வந்தாள். ஊளை அடங்கியது.

நாலாவதாக வந்தாள். ஜெயித்தவனுக்கான பட்டுக்கொடி வேறு ஊருக்குப் போனது.

உச்சியில் கக்கத்தில் ஊன்றிய கட்டையில் சாய்ந்தபடி நேனு நின்றான். கையில் வாளி. பாதித் தண்ணீர் அவன் செருப்பில் இருந்தது.

"நாலாவது" என்றான்.

"போன வருஷம் நீ ஆறாவது."

அவன் வாளியை அவள் பக்கம் நீட்டினான்.

"கழுதைக்கு முதல்ல" என்றாள். பெர்லா குடித்து முடிக்கும்வரை சரிகையில் ஒட்டிய புழுதியைத் தட்டினாள். பிறகுதான் கேட்டாள்: "தோப்புல கறிச்சட்டிய யாரு பாத்துக்கறா?"

"விஸ்டின்" என்றான் நேனு.