கூப்பிட்டால் வராத பிள்ளைகள்

மலேசியாவில் லுக்குட் பக்கத்து எங்கள் எஸ்டேட்டில் காலியாகக் கிடந்த லயத்து வீடுகளுக்கு இலங்கை அகதிக் குடும்பங்கள் நான்கு வந்தன. பிள்ளைகளுக்குப் பள்ளியில் இடமில்லை. கோயில் கமிட்டி வேலைக்குப் போனவர்கள் கைக்குழந்தைகளை விட்டுப்போன பழைய ஆயாக்கொட்டகையைக் கூட்டிப் பெருக்கி மாலை வகுப்பு தொடங்கியது. ஓய்வுபெற்ற வாத்தியார் நான்தான் என்பதால் மலாயும் கணக்கும் என் தலையில் விழுந்தன. அகதிப் பிள்ளைகள் ஆறு, எங்கள் பிள்ளைகள் ஐந்து. கலந்து உட்கார வைத்தேன். ஒரே மாதத்தில் ஒட்டிக்கொண்டார்கள். எல்லோருக்கும் அதில் பெருமை. எனக்கு மட்டும் தலைகளை எண்ணிக்கொண்டே இருக்கவேண்டும் போலிருந்தது.

ஒருநாள் கொசுப்புகை அடிக்க முகமூடி போட்ட ஆட்கள் வந்தார்கள். இயந்திரம் இரைந்தது. நான் சன்னலைச் சாத்துவதற்குள் கொட்டகை வெள்ளையாகிவிட்டது. புகை விலகியபோது பெஞ்சுகளில் ஒருவரும் இல்லை. வாசலில் பதினொரு சோடிச் செருப்புகள் மட்டும் இருந்தன.

எங்கள் பிள்ளைகள் எப்போதும் புகைக்குப் பின்னால் கத்திக்கொண்டு ஓடுபவர்கள். அன்று ஒரு சத்தமும் இல்லை.

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. கொட்டகைக்குப் பின்னால் செம்பனைக் காடு. பாம்பு உண்டு, ஆழமான வாய்க்கால் உண்டு. தாய்மார் ஓடிவந்து பெயர் சொல்லிக் கூவினார்கள். பதில் இல்லை.

"புள்ளைங்கள எண்ணி எண்ணியே தொலைச்சிட்டீங்களே சார்!" என்றாள் எங்கள் லயத்துக்காரி ஒருத்தி. பயத்தில் அவளுக்குச் சிரிப்பும் வந்தது.

அகதித் தாய் ஒருத்தி அவள் கையைப் பிடித்தாள். "கூப்பிடாதேங்கோ அக்கா. எங்களைப் பிடிக்க ரெய்டுக்கு வாற இமிகிரேசன்காரரும் பேர் சொல்லித்தான் கூப்பிடுவினம். வாய் திறக்கக் கூடாதெண்டு பழக்கி வச்சிருக்கிறம். இருங்கோ. எங்கட முகம் தெரியட்டும்."

காட்டோரம் எல்லோரும் தரையில் உட்கார்ந்தோம். முகங்களைக் காட்டுப் பக்கம் திருப்பிக்கொண்டோம். மரங்களுக்கு இடையிலிருந்து ஒரு பிள்ளை வந்து நின்றது. பிறகு இன்னொன்று. காய்ந்த மட்டைகள் மேல் நடந்தும் ஓசை இல்லை. அகதிப் பிள்ளைகள் ஆறும் வந்தன. எங்கள் பிள்ளைகளில் நான்கும் அவர்களைப் போலவே ஓசையில்லாமல் வந்தன. பத்து.

கூவிக் கூவித் தொண்டை கட்டியிருந்த அந்த லயத்துக்காரியின் மகள்தான் பாக்கி. இருட்டுமுன் வருவாளா என்று அவள் காட்டையே பார்த்திருந்தாள்.

அவளுக்கு முன்னால் நான்கு முழத்தில் இருந்த மரம் அசைந்தது போலிருந்தது. மகள் அதன் பின்னாலிருந்து வெளியே வந்தாள். இவ்வளவு நேரமும் அங்கேயே நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"ஏன்டி, அம்மா கூப்பிட்டது கேக்கலையா?"

"கேட்டுச்சும்மா," என்றாள்.