ஆலை வாசலில் நட்ட சுதந்திர மரம்

பார்னபேயைப் பற்றி எழுத வேறு ஆளே கிடைக்கவில்லையா என்று என் மகள் கேட்கிறாள். அறுபது வருடம் அந்த மனிதனைப் பொறுத்துக்கொண்டவன் நான். நான் எழுதாமல் வேறு யார் எழுதுவது? பாதிரியாரிடம் ஞானபாடம் கேட்ட இரண்டு குளிர்காலம்தான் என் படிப்பு. அதை வைத்துக்கொண்டே இந்தப் பள்ளத்தாக்கில் நூற்றிருபது பேர் வேலை செய்யும் நூற்பாலையை எழுப்பியவன், நாலு பக்கம் எழுத மாட்டேனா?

பத்து வயதில் நானும் பார்னபேயும் ஒரே நாளில் ரூவான் நகரத்துப் பஞ்சாலையில் சேர்ந்தோம். எந்திரத்தின் அடியில் தவழ்ந்து அறுந்த நூலை முடிச்சுப் போடுவதுதான் வேலை. நான் மேலே வந்தேன். அவன் கடைசிவரை நூற்பாளனாகவே இருந்தான், அதுவும் என் ஆலையிலேயே. வேலையில் குறை சொல்ல முடியாது. அவன் நூற்ற நூலில் பிசிறு கிடையாது. ஆனால் அந்த வாய்! ஆலை முழுக்க என்னைக் கண்டால் தொப்பியைக் கழற்றி “முதலாளி” என்பார்கள். இவன் மட்டும் முற்றத்தின் அந்தக் கோடியிலிருந்தே “டேய் ஒனேசிம்!” என்று பேரைச் சொல்லிக் கத்துவான்.

அவனுக்கு இருந்த ஒரே பைத்தியம் சுதந்திர மரம்; ராஜாவைத் துரத்தினால் அதன் நினைவாக ஊரில் நடும் மரம். முதல் புரட்சியின்போது அவன் அப்பா ஊர் நடுவில் ஒன்று நட்டார்; ராஜா திரும்பி வந்ததும் அதை வெட்டி விறகாக்கினார்கள். 1830இல் அடுத்த ராஜாவைத் துரத்தியபோது பார்னபே ஒன்று நட்டான். சந்தைக்கடை போட இடைஞ்சல் என்று அதைப் பெயர்த்து நாற்பதடி தள்ளி நட்டார்கள். ஒரே மாதத்தில் பட்டுப்போயிற்று. அன்று அவன் அழுததை நான் பார்த்தேன். அவன் அம்மா செத்தபோதுகூட அப்படி அழவில்லை.

1848 வந்தது. பாரீஸில் மறுபடியும் ராஜா ஓடினார், மறுபடியும் குடியரசு, ஊருக்கு ஊர் மரம். நட்டுவிட்டுப் போகட்டும், எனக்கென்ன? அப்போது எனக்கு இருந்த கவலை வேறு. கோடையில் ஆற்றில் தண்ணீர் வற்றினால் என் ஆலைச் சக்கரம் நின்றுவிடும். அதற்கு முந்தின கோடையில் ஏழு வாரம் ஆலை மூடிக் கிடந்தது. பாதி ஊர் பட்டினி. நீராவி பாய்லர் ஒன்று வந்துவிட்டால் ஆற்றை நம்ப வேண்டியதில்லை. அதற்கு ஏற்பாடு செய்ய ஐந்து நாள் ரூவானுக்குப் போனேன். திரும்பி வந்து பார்த்தால், என் ஆலை வாசலுக்கு நேர் எதிரே, ஆறு தப்படி தள்ளி, மூவர்ண ரிப்பன் சுற்றிய பாப்ளார் மரம் ஒன்று நிற்கிறது.

“யாருடா இதை இங்க நட்டது?”

“மக்கள்,” என்றான் பார்னபே.

“மக்கள்ல யாரு குழி தோண்டினது?”

“நான்தான். நாலடி ஆழம். பாதிரியாரு தண்ணி தெளிச்சு மந்திரிச்சுட்டாரு. இனிமே தொட்டா பாவம், பாத்துக்க.”

“ஊர்ல வேற எடமே இல்லியா? கோயில் முன்னாடி அவ்வளவு காலியா கெடக்கு!”

“அங்க நட்டா உன் கண்ணுல படாதேடா. தெனம் காலைல உள்ள போறப்ப நீ பாக்கணும்ல?”

குழியை அளந்தவர்கள் வாசலை அளக்கவில்லை. மே மாதக் கடைசியில் பாய்லர் வந்தது. பதினான்கு குதிரை பூட்டிய வண்டி. சாலையிலிருந்து திரும்பி வாசலில் நுழைய வேண்டும். திருப்பத்தின் நட்டநடுவில் மரம். வண்டிக்காரன் நான்கு முறை முயன்றுவிட்டுக் கடிவாளத்தை வீசியெறிந்தான். “மரத்தை வெட்டுங்க, இல்ல பாய்லரைத் திருப்பி அனுப்புங்க. நாளைக்குக் காலைல நான் கெளம்பிடுவேன்.”

பார்னபே போய் மரத்தடியில் உட்கார்ந்து, அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டான். வேரோடு பெயர்த்துத் தள்ளி நடலாம் என்றேன். “தழைச்ச மரத்தப் பெயர்த்தா என்ன ஆகும்னு எனக்குத் தெரியாதா? மூணாவதையும் பொணமாப் பாக்கச் சொல்றியா?”

என் ஆலையில் பஞ்சு கோதும் அவன் மனைவி ஃபெலிசிதே இடுப்பில் கைவைத்து வந்து நின்றாள். “போன கோடையில கெடந்த பட்டினி மறந்துபோச்சா? இந்த மரத்து இலையவா ஆக்கிப் போடுவேன் உனக்கு? எந்திரிய்யா!”

“நீ போடி. ஆல ஓடணும், மரமும் நிக்கணும். அவன் சுவத்த இடிக்கட்டும்.”

என் சுவரை! ஆற்றிலிருந்து கல் சுமந்து இந்தக் கையால் நான் கட்டிய சுவர்! எனக்கு வந்த கோபத்தில் தொப்பியைத் தரையில் அடித்தேன். நூற்றிருபது பேர் வாயைப் பிளந்து பார்த்தார்கள். குதிரைகள் என் வைக்கோலைத் தின்றுகொண்டு நின்றன. ஆறோ ஏற்கெனவே கற்களைக் காட்ட ஆரம்பித்திருந்தது. “இடிச்சுத் தொலைங்கடா!” என்றேன். முதல் கடப்பாரை பார்னபேயினுடையது. பொழுது சாய்வதற்குள் முப்பதடி சுவர் தரைமட்டம். மரத்தைச் சுற்றி உருளைக் கட்டைகள் மேல் பாய்லர் உள்ளே போனது. அந்தக் கோடையில் ஒரு நாள்கூட ஆலை நிற்கவில்லை.

சுவரைத் திருப்பிக் கட்டும்போது நான் மூளையைப் பயன்படுத்தினேன். அடுத்த பாய்லருக்கும் திரும்ப இடம் வேண்டுமே. வெளியில் இருந்ததும் என் நிலம்தான். சுவரை இருபதடி வெளியே தள்ளி, வாசலையும் மாற்றிவிட்டேன். மரம் உள்ளே வந்துவிட்டது. அவ்வளவுதான், பார்னபே குதித்தான்.

“சுதந்திரத்தக் கொண்டுபோயி உன் காம்பவுண்டுக்குள்ள அடைச்சுட்டியேடா, திருட்டுப் பயலே!”

நான்கு வருடம் என்னோடு பேசவில்லை. நிம்மதியாக இருந்தேன் என்று சொல்லத்தான் ஆசை.

பிறகு பாரீஸில் குடியரசைக் கவிழ்த்து ஆட்சி கைமாறியது. பொது இடத்திலுள்ள சுதந்திர மரங்களையெல்லாம் வெட்டச் சொல்லி உத்தரவு வந்தது. 1852 கோடையில் இரண்டு காவலர்கள் கோடாலிக்காரனோடு என் முற்றத்துக்குள் நுழைந்தார்கள். பார்னபே நூற்புக்கூடத்தின் கதவில் வந்து நின்றான். முகம் வெளுத்திருந்தது.

“இது சுதந்திர மரம்தானே ஐயா? ரிப்பன் அடிச்ச ஆணிகூட இருக்கே,” என்றான் மூத்த காவலன்.

என் சுவருக்குள் எதை வெட்டுவது என்று எனக்கு ஒருவன் சொல்வதா? “பொது எடமாய்யா இது? என் சுவரு, என் முற்றம், என் மரம். ஈர நூல் காயப்போடத்தான் ஆணி.”

“நட்டது யாரு?”

“நான்தான்.”

தாளைப் பார்த்தார்கள், சுவரைப் பார்த்தார்கள், போய்விட்டார்கள். வாசற்கதவு மூடியதுதான் தாமதம், பார்னபே பாய்ந்து வந்தான். நன்றி சொல்லப் போகிறான் என்று கையைக்கூட நீட்டினேன்.

“நீ நட்டியாடா? நீயா நட்ட? நாலடிக் குழி தோண்டினவன் நான்! ஊரே சாட்சி! இப்பவே கூப்பிட்டுச் சொல்றேன் பாரு!”

சட்டையைப் பிடித்து இழுத்தேன். “கூப்பிடுடா, நல்லாக் கூப்பிடு. உன்னையும் கூட்டிட்டுப் போவான், மரத்தையும் சாய்ச்சிட்டுப் போவான்.”

அவன் என் கையை உதறினான். பிறகு மரத்தடியில் குனிந்து மண்ணை விரலால் கிளறிப் பார்த்தான்.

“காஞ்சு கெடக்கு. உன் மரம்னு சொன்னேல்ல? தண்ணி யாருடா ஊத்துவா?”

வாளி எங்கே இருக்கிறது என்றும் அவனே கையைக் காட்டினான். என் ஆலை முழுவதும் பார்க்க, நான் தண்ணீர் எடுக்கப் போனேன்.