கடைசியாகச் சேர்ந்தவர்

ஐம்பத்தோரு வயதிலும் எங்கள் துறையில் சுலோச்சனாதான் சின்னப் பெண். சிரிக்கிறவர்கள் தாராளமாகச் சிரிக்கலாம். அந்த நிலவியல் துறைக்குத் தலைவனாக இருந்த நானே சிரித்திருக்கிறேன்.

அடையாறு பக்கத்து வளாகத்தில் அவர் விரிவுரையாளராகச் சேர்ந்தது எழுபத்தொன்றில், இருபத்தைந்து வயதில். அவரோடு சேர்த்துத் துறையில் பதினோரு பேர். அவருக்குப் பிறகு ஒருவரும் சேரவில்லை. யாராவது ஓய்வு பெற்றால் அந்த இடம் காலியாகவே கிடக்கும். நிதி இல்லை, கோப்பு நகரவில்லை, தடையாணை இருக்கிறது என்று வருடத்துக்கு ஒரு காரணம் வரும். தொண்ணூற்றேழில் நானும் அவரும் மட்டும் மிச்சம். அலமாரிப் பாறைகளுக்கு அடுத்து மூத்தவர்கள் நாங்கள்தான் என்று மாணவர்கள் பேசிக்கொள்வது என் காதிலும் விழுந்தது. பாறைகளையாவது வாரம் ஒருமுறை துடைத்தார்கள்.

துறையில் ஒரு வழக்கம் உண்டு. யார் ஓய்வு பெற்றாலும், கடைசியாகச் சேர்ந்தவர்தான் நன்றியுரை சொல்ல வேண்டும். மாலை, பலகாரம், நாற்காலி எல்லாமும் அவர் தலையில்தான். அப்படி ஒன்பது பேரைச் சுலோச்சனா வழியனுப்பிவிட்டார். போனவர்களும் சும்மா இருக்கவில்லை. அடுத்த விழாவுக்கு முதல் ஆளாக வந்து முன்வரிசையைப் பிடித்துக்கொள்வார்கள். அவர்களுக்குச் சர்க்கரை வியாதி வந்தபோது ஜாங்கிரி நின்றது. பல் ஆடியபோது காராசேவு நின்றது. கடைசிச் சில விழாக்களில் வெறும் இட்லிதான். அதையும் சுலோச்சனாவே மயிலாப்பூரிலிருந்து இரண்டு தூக்குகளில் பல்லவன் பஸ்ஸில் கொண்டுவருவார், ஒரு சொட்டு சட்னி சிந்தாமல்.

நன்றியுரையில் மைக் செட்காரர் முதல் தோட்டக்காரர் முனியன் வரை யாரையும் விடமாட்டார். முடித்ததும் என் அறைக்கு வந்து தலைவலி மாத்திரை கேட்பார். "போறும் சார். எனக்கப்புறம் ஒருத்தர் வரணும். அவர் கையில இந்தக் காகிதத்தைக் குடுத்துட்டு நான் கீழே உக்காரணும்" என்பார். இதற்காகப் பதிவாளர் அலுவலகத்துக்கு மாதம் ஒரு கடிதம் எழுதினார். ஒன்றுக்கும் பதில் வந்ததில்லை.

அந்த வருடம் மே மாதம் என் முறை. அதற்கு இரண்டு வாரம் முன்னால் தபாலில் ஒரு நியமன உத்தரவின் நகல் வந்தது. அப்துல் கய்யூம் என்பவர் விரிவுரையாளராகச் சேர்வார் என்று அதில் ஒரே வரி. சுலோச்சனாவைப் பிடிக்க முடியவில்லை. "எங்காத்துப் பொண்ணு ஸ்நேஹாவைவிட ரெண்டு மூணு வயசு பெரியவனா இருப்பான் சார். பாவம், வெயில்ல வரப்போறான்" என்று ஜன்னலோரமிருந்த தன் மேஜையையே அவனுக்காக ஒழித்து வைத்தார்.

திங்கட்கிழமை பதினோரு மணிக்கு, தலை முழுக்க நரைத்த ஒருவர் குடையோடு வாசலில் வந்து நின்றார். சுலோச்சனா நிமிர்ந்து பார்த்துவிட்டு, எங்கள் கட்டடத்தில் எல்லோரும் செய்கிற தவறையே செய்தார்.

"பென்ஷன் செக்‌ஷன் ரெண்டாவது மாடி சார். லிஃப்ட் ரிப்பேர். மெதுவா ஏறுங்கோ, அவசரமில்லை."

"பென்ஷனுக்கு வரல மேடம்" என்று அவர் ஒரு உறையை நீட்டினார். "வேலையில சேர வந்திருக்கேன்."

எண்பத்து மூன்றில் எங்கள் துறையின் காலியிடம் ஒன்றுக்கு விண்ணப்பித்து, அதைப் பல்கலைக்கழகம் நிரப்பாமல் கிடப்பில் போட்டதும் நீதிமன்றத்துக்குப் போனவர் அவர். தீர்ப்பு அவருக்குச் சாதகமாகத்தான் வந்தது, பதினான்கு வருடம் கழித்து. இப்போது அவருக்கு வயது ஐம்பத்து மூன்று.

சுலோச்சனா அவரை ஜன்னலோர மேஜையில் உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்துவிட்டு, நேராக என் அறைக்கு வந்தார். முகம் வாடியிருந்தது.

"என்னைவிட ரெண்டு வயசு பெரியவர் சார். நீங்களும் போயிடுவேள், அவரும் போயிடுவார். கடைசியா கதவைப் பூட்டிண்டு நான் தனியாப் போகணுமா? எனக்கு யார் நன்றியுரை சொல்லுவா?"

"காபி சாப்பிடறேளா?" என்றேன். அன்று நான் சொல்லக்கூடியதாக இருந்தது அவ்வளவுதான். இன்றைக்கும் அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

என் விழா அன்று முன்வரிசையில் ஒரு பஞ்சாயத்து நடந்தது. வழக்கப்படி கய்யூம் பேசுவதா, வயதில் சின்னவர் என்று சுலோச்சனாவே பேசுவதா? இட்லி ஆறும்வரை வாதாடிவிட்டு, சேர்ந்த தேதிதான் கணக்கு என்று பெரியவர்கள் தீர்ப்புச் சொன்னார்கள். இருபத்தாறு வருடத்தில் முதல் தடவையாகச் சுலோச்சனா கீழே உட்கார்ந்தார். கைக்குட்டையை மடியில் விரித்து வைத்துக்கொண்டு, கல்யாண வீட்டுக்கு வந்தவர் மாதிரி சுற்றிலும் பார்த்துக்கொண்டிருந்தார்.

கய்யூம் மைக் முன்னால் வந்தார். சுலோச்சனா எழுதிக் கொடுத்த காகிதத்தை வைத்துக்கொண்டு, முனியன் வரைக்கும் எல்லோருக்கும் நன்றி சொன்னார். பிறகு காகிதத்தை மடித்தார்.

"எனக்கு இது புதுசு" என்றார். "இருபத்தஞ்சு வருஷமா ஏழு காலேஜ்ல டெம்பரவரியா பாடம் எடுத்திருக்கேன். ஏப்ரல்ல லீவு விட்டா, ஜூன்ல கூப்பிடுவாங்களா மாட்டாங்களான்னு தெரியாது. கூப்பிடலைன்னா முடிஞ்சு போச்சு. இந்த மாதிரி விழாவெல்லாம் எனக்கு யாரும் வச்சதில்ல. எங்கேயும் நான் சேரவே இல்லையே, எப்படி வழியனுப்புவாங்க?"

முன்வரிசைக் கிழவர்கள் சாப்பிடுவதை நிறுத்தினார்கள். சுலோச்சனா எழுந்துவிட்டார். கைக்குட்டை கீழே விழுந்ததைக்கூடக் கவனிக்கவில்லை.

"சார், உங்களுக்கு நாங்க வைப்போம்" என்றார். மைக் இல்லாமலே கடைசி வரிசைவரை கேட்டது. "அன்னிக்கு நன்றியுரை நான்தான். எனக்கப்புறம் பத்து பேர் வந்து சேர்ந்தாலும் சரி, யாருக்கும் விட்டுத்தர மாட்டேன்."

கய்யூம் தலையை ஆட்டினார். அவருக்கு ஓய்வு பெற இன்னும் ஏழு வருடம் இருந்தது. சுலோச்சனாவுக்கு ஒன்பது.