கல்லின் மேல் போட்ட பழி

வைரத்தைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே எனக்கு அதன்மேல் பயம் வந்துவிட்டது. என்னைப் பெண் பார்த்துவிட்டுப் போனது புசல்லாவையில் ஒரு வியாபாரக் குடும்பம். அந்த வீட்டின் மூத்த மருமகள், நிச்சயதார்த்தத்தில் போட்ட வைர மோதிரம் விரலில் இருக்கும்போதே செத்துப்போனாள் என்பது நாவலப்பிட்டியில் எங்கள் தெருவுக்கே தெரியும். தலைப்பிரசவம். பிள்ளையும் பிழைக்கவில்லை, தாயும் பிழைக்கவில்லை. கல்லின் நடுவில் கரும்புள்ளி இருந்தது, அதுதான் அவளைக் கொண்டுபோனது என்றார்கள். நானும் நம்பினேன். இத்தனைக்கும் நான் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள். ஒளித்தெறிப்பு, ஒளிமுறிவு என்று கரும்பலகையில் படம் போட்டுக் காட்டுகிறவள். பயம் வந்தால் படித்ததெல்லாம் வாசலோடு நின்றுவிடுகிறது, என்ன செய்ய?

எனக்கு வெறும் தங்க மோதிரம் போதும் என்று சொல்லி அனுப்பினேன். மாப்பிள்ளை கேட்கவில்லை. கண்டியில் வங்கியில் வேலை அவருக்கு. கூட வேலை செய்கிறவர்களின் விரல்களைப் பார்த்துப் பார்த்து ஆசை வளர்த்துக்கொண்டவர். அவருடைய அம்மா, பிறகு எனக்கு மாமியானவர், ஒரு நிபந்தனையோடுதான் இறங்கி வந்தார். கல்லைப் பெண்ணே வந்து பார்த்து எடுக்க வேண்டும். எடுத்த கல் பெண் வீட்டுச் சாமி தட்டில் சில நாள் இருக்க வேண்டும். அதற்குள் கெட்டது எதுவும் நடக்கக் கூடாது.

எங்கள் ஆட்களிடம் இது புது விஷயமில்லை. வைரம் எல்லாருக்கும் ஒத்துவராது என்று வீட்டில் வைத்துப் பார்த்துத்தான் வாங்குவார்கள். ஆனால் என் கணக்கு வேறு மாதிரி ஓடியது. கெட்டது நடந்தால் கல் கடைக்குத் திரும்பிப் போகும். அடுத்த கல்லுக்கும் அப்படியே நடந்தால் யாரும் கல்லைக் குறை சொல்ல மாட்டார்கள், என்னைத்தான் சொல்வார்கள்.

கண்டியில் மாடிப்படி ஏறிப் போகிற சின்னக் கடை அது. முஸ்லிம் முதலாளி. மாப்பிள்ளையின் அப்பா இருந்த காலத்திலிருந்தே அந்தக் குடும்பத்துக்குப் பழக்கமானவர். மாமி, மாப்பிள்ளை, நான், எங்கள் மூவரையும் கதிரையில் உட்கார வைத்து, வெள்ளைக் கடதாசியில் இரண்டு கல்லை வைத்தார். ஒன்று பெரியது. மாப்பிள்ளை உடனே அதன் பக்கம் சாய்ந்துவிட்டார். நான் குனிந்து பார்த்தேன். பளபளப்புக்கு நடுவில் கறுப்பாக ஒன்று, கண்ணின் பாப்பாவைப் போல, என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன். பக்கத்தில் மாமியும் கையைச் சேலைத் தலைப்புக்குள் இழுத்துக்கொண்டதைக் கவனித்தேன். அன்றைக்கு எங்கள் இரண்டு பேருக்கும் ஒத்துப்போன ஒரே விஷயம் அந்தப் பயம்தான்.

சின்னக் கல்லை முதலாளி இடுக்கியால் தூக்கி ஜன்னல் பக்கம் காட்டினார். எப்படித் திருப்பினாலும் அதன் முகத்தில் வெளிச்சம் இருந்தது, நடுவிலும் இருந்தது. இது ஒழுங்காக வெட்டின கல் என்று மட்டும் சொன்னார். இதுவே போதும் என்றேன். மாப்பிள்ளைக்கு முகம் தொங்கிப்போயிற்று. வீட்டில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று மாமி இழுத்தபோது, முதலாளி சிரித்துக்கொண்டே கல்லைக் கடதாசியில் மடித்துக் கொடுத்தார். உங்கள் ஆட்கள் எல்லாரும் இப்படித்தான் கேட்கிறார்கள் என்றார்.

அந்தக் கல் எங்கள் வீட்டில் இருந்த நாட்களில் நாங்கள் யாரும் சரியாக மூச்சு விடவில்லை. அம்மா என் கையிலிருந்த கத்தியைப் பிடுங்கிக்கொண்டு தானே காய் நறுக்கினார். அப்பா தன் கடையில் ஏணி வைத்துச் சாமான் எடுக்கக் கூடாது என்றும் அம்மாதான் கட்டளை போட்டார். நான் வகுப்பில் அடுப்பு பற்றவைத்துக் காட்ட வேண்டிய பாடத்தைத் தள்ளிப்போட்டேன். மழை வேறு பிடித்துக்கொண்டது. நாவலப்பிட்டியில் மழை பெய்யாமல் வேறென்ன செய்யும்? ஆனாலும் சரிந்துவிடுமோ என்று பின்பக்கத்து மண்மேட்டை ஓயாமல் எட்டிப் பார்த்தபடி இருந்தேன். அப்பா இருமினால் அம்மாவும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வோம். சொந்த வீட்டில் ஒரு மனுசன் இரும முடியவில்லையா என்று அவர் எரிந்து விழுந்தார்.

ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் அப்பாவுக்குச் சளியும் குணமாகிவிட்டது.

கல்லோடு மறுபடியும் கண்டிக்குப் போனோம். கடையில் உட்கார்ந்ததும் மாமி இடுப்பிலிருந்து ஒரு லேஞ்சியை எடுத்து, அந்தக் கைக்குட்டையின் முடிச்சை அவிழ்த்தார். உள்ளே ஒரு மோதிரம். யாரும் சொல்லாமலே அது யாருடையது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அதன் நடுவிலும் அதே கறுப்பு. நான் கதிரையைக் கொஞ்சம் பின்னால் தள்ளினேன்.

"இதுல என்ன தோஷம்னு பாத்துச் சொல்லுங்க" என்றார் மாமி.

முதலாளி பூதக்கண்ணாடியை வைத்து நெடுநேரம் பார்த்தார். "தோஷம் ஒண்டும் இல்ல அம்மா. கல்லு நல்ல கல்லுதான். வெட்டினவன்தான் சரியில்ல. அடிய ஆழமா விட்டுட்டான். உள்ள போற வெளிச்சம் மேல திரும்பாம அடியால போயிருது. அதுதான் நடுவுல இருட்டாத் தெரியுது."

நான் கரும்பலகையில் போடுகிற படம்தான் அது. வெளிச்சம் உள்ளே போகிற கோடு, தெறிக்கிற கோடு, திரும்பி வருகிற கோடு. வாத்தியாரம்மாவுக்கு அது அந்தக் கடையில்தான் உறைத்தது.

மாமி மோதிரத்தைத் திரும்ப வாங்கவில்லை. கடதாசியில் கிடந்த அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப அந்தப் புள்ளய எது கொண்டு போச்சு?"

பதிலையும் அவரே சொன்னார். தலைப்பிரசவத்துக்கு அனுப்ப அந்தப் பெண்ணுக்குத் தாய் வீடு இல்லை, தாய் எப்போதோ இறந்துவிட்டாள். அதனால் புசல்லாவையிலேயே இருந்திருக்கிறாள். "காலையிலயே வலி வந்துருச்சு. தலைப்பிரசவம், நேரமாகும், பொறுன்னு சொன்னது நான்தான். மூத்தவன் காரோட வரட்டும்னு உக்கார வச்சுட்டேன்." கார் வந்து, புறப்பட்டு, ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது.

அதுவரை கல்லுக்குத்தான் பயந்துகொண்டிருந்தேன். இப்போது அந்த வீட்டுக்கே பயம் வந்துவிட்டது. கல்லையாவது கடையில் திருப்பிக் கொடுக்கலாம். கழுத்தில் தாலி ஏறிய பிறகு நான் யாரிடம் திரும்பிப் போவேன்? எழுந்து படியிறங்கிப் போய்விடலாமா என்று நினைத்தேன், உண்மையாகவே நினைத்தேன். போகாமல் வாயைத் திறந்துவிட்டேன்.

"எனக்கு வலி வந்தா யாருக்காகவும் காத்திருக்கக் கூடாது. கெடச்ச வண்டியில உடனே கொண்டு போகணும். அதுக்குச் சரின்னா மோதிரம் போடுங்க. இல்லாட்டி கல்லு இங்கயே இருக்கட்டும்."

கல்யாணமே ஆகவில்லை, இந்தப் பெண் பிரசவத்தைப் பேசுகிறாளே என்று மாப்பிள்ளை திகைத்துப்போய் என்னைப் பார்த்தார். மாமி என் பக்கம் திரும்பவேயில்லை. சின்னக் கல்லை விரலால் முதலாளியிடம் தள்ளி, "இதையே பதிச்சுக் குடுங்க" என்றார். பழைய மோதிரத்தை மறுபடியும் லேஞ்சியில் முடிந்துகொண்டார். அது சம்மதமா, கோபமா என்று எனக்குப் புரியவில்லை. புரியாமலேதான் கழுத்தை நீட்டினேன். கர்ப்பமானதும் அந்தப் பயம் என்னோடு சேர்ந்து வளர்ந்தது.

மாதம் நெருங்கியதும் அம்மா கூட்டிப்போக வந்தார். மாமி அனுப்பவில்லை. வழக்கமாவது ஒன்றாவது, இவள் என் கண்முன்னால் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார். அம்மா அழுதுகொண்டே பஸ் ஏறினார். என் கதை முடிந்தது என்றே நினைத்தேன்.

சில நாள் போனபின் ஒரு காலை, அடிவயிற்றில் சுருக்கென்று இழுக்க, நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதற்குள் மாமி செருப்பும் போடாமல் ரோட்டுக்கு ஓடி, வந்துகொண்டிருந்த தேயிலைக் கொழுந்து லொறிக்குக் குறுக்கே இரண்டு கையையும் விரித்து நின்றுவிட்டார். சாரதி வாய்க்கு வந்தபடி திட்டினான். அவர் காதில் அது ஏறவேயில்லை. பச்சைக் கொழுந்து வாசத்தோடு கண்டி ஆஸ்பத்திரிக்குப் போய் இறங்கினேன். வெறும் வாய்வு என்று திருப்பி அனுப்பினார்கள். அடுத்த வாரமும் அதே கூத்து. நர்ஸ் ஏசியதை மாமி தலைகுனிந்து கேட்டுக்கொண்டார். மூன்றாம் முறைதான் உண்மையாக வலி வந்தது, மகள் பிறந்தாள்.

மூன்று முறையும் மாமி என் பக்கத்தில்தான் உட்கார்ந்து வந்தார். கம்பளைக்கு முன்னால் ஒரு வளைவு வரும். அது நெருங்கும்போது மோதிரக் கல் விரலில் அழுந்தும்படி என் கையை இறுக்கிப் பிடிப்பார். வளைவு தாண்டிய பிறகுதான் விடுவார். அந்தப் பெண் எந்த இடத்தில் போனாள் என்று நான் அவரிடம் ஒருநாளும் கேட்டதில்லை.