வரப்பில் நடந்த கணக்குப் பாடம்

மலையாள மாநிலத்துச் சித்தூர்ப் பக்கத்துத் தமிழ் மீடியம் பள்ளிகளுக்கு என்னை அனுப்பியபோது வேலையை ஒரே வரியில் சொல்லிவிட்டார்கள். பாட்டு, படம், நாடகம் இவற்றைத் தனிப் பீரியடாக வைக்காமல் பாடத்துக்குள்ளேயே கொண்டுவர ஆசிரியர்களுக்கு உதவ வேண்டும். அவ்வளவுதான். எனக்கு அது கஷ்டமான வேலையாகவே தோன்றவில்லை. நான் மலைமேல் சித்திரபுரத்துக்குப் பக்கத்துத் தேயிலை எஸ்டேட்டில் வளர்ந்தவள். பத்து வயதிலிருந்தே எங்கள் சர்ச்சின் கிறிஸ்துமஸ் நாடகத்துக்கு அட்டையில் இறக்கை வெட்டியதும் மேய்ப்பர்களுக்குத் தாடி ஒட்டியதும் நான்தான். பிறகு டீச்சரானபோதும் அந்தப் பழக்கம் கூடவே வந்தது. மலைப் பள்ளியில் என் வகுப்பு எப்போதும் சத்தமாக இருக்கும் என்று சொல்லித்தான் என்னைப் பயிற்சியாளராகத் தேர்ந்தெடுத்தார்கள்.

முதலில் போனது தென்னந்தோப்பும் வயலும் சூழ்ந்த ஒரு சின்னப் பள்ளி. நாலாம் வகுப்பு சாருக்கு என் வயதுதான் இருக்கும். சொந்த நிலம் இருந்தது. விடிகாலையில் வயலுக்குப் போய்விட்டு, குளித்து, வெள்ளைச் சட்டையோடு வந்து வகுப்பெடுப்பார். நான் வந்த காரியத்தைச் சொன்னதும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார்.

"எனக்கு இந்தக் கலை கிலையெல்லாம் வராதுங்க டீச்சர். அஞ்சாங் கிளாஸ்ல மேடை ஏறி வசனம் மறந்து நின்னேன். அதோட சரி. நீங்க பண்ணுங்க, நான் பாத்துக்கறேன்."

அந்த வாரத்துப் பாடம் சுற்றளவும் பரப்பளவும். ஒரு பெரிய பை நிறைய முகமூடிகளும் வண்ணத்தாளும் கொண்டுபோயிருந்தேன். சுற்றளவை ராஜா ஆக்கினேன், பரப்பளவை ராணி ஆக்கினேன். இருவரும் சண்டை போட்டுக்கொள்வதுபோல ஒரு பாட்டும் கட்டியிருந்தேன். பிள்ளைகளை "அங்கிட்டுப் போங்க, இங்கிட்டு வாங்க" என்று நகர்த்தியபோது என் எஸ்டேட் தமிழைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார்கள். தலைமையாசிரியை கதவருகே நின்று கைதட்டினார். ஒரு மணி நேரம் போனதே தெரியவில்லை.

மதியச் சாப்பாடு முடிந்ததும் சார் கரும்பலகையில் ஒரு செவ்வகம் போட்டார். நீளம் எட்டடி, அகலம் ஐந்தடி. இந்தக் காட்டுக்கு, அதாவது வயலுக்கு, வேலி கட்டக் கயிறு எவ்வளவு வேண்டும் என்று கேட்டார். பாதிப் பேர் பெருக்கி நாற்பது என்றார்கள். மீதிப் பேர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். முன் பெஞ்சுப் பெண்ணொருத்தி எழுந்து, "சார், இது ராஜாங்களா, ராணிங்களா?" என்று கேட்டாள்.

அவர் சிரிக்கவில்லை. என்னைக் குத்திக்காட்டவும் இல்லை. மாலையில் பஸ் ஸ்டாப் வரை சைக்கிளைத் தள்ளிக்கொண்டே கூட வந்தார். பஸ் வரும் நேரத்தில் மெதுவாகச் சொன்னார்.

"புள்ளைங்க சந்தோசமா இருந்தாங்க. அது சின்ன விசயமில்லீங்க. ஆனா பாடம் எங்க போச்சுன்னு எனக்குத் தெரியலீங்க."

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அழாமல் இருக்கப் பாடுபட்டேன். அவர் சொன்னது கோபத்தில் சொன்னதாக இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். அது உண்மையாக இருந்தது. இத்தனை வருடம் மலையில் என் பிள்ளைகள் சிரித்தபோதெல்லாம் அவர்கள் படித்ததாகவே நான் நினைத்திருந்தேனோ என்று அன்றுதான் முதல் தடவை எனக்குச் சந்தேகம் வந்தது.

அடுத்த வாரம் கையை வீசிக்கொண்டு போனேன். "சார், மூணு நாளு நான் பின்னாடி உக்காந்து பாக்குறேன். ஒண்ணும் செய்ய மாட்டேன்" என்றேன். அவருக்கு ஆச்சரியம். ஆனாலும் சரி என்றார்.

அந்த மூன்று நாளில் நான் பார்த்ததை அவரே கவனித்திருக்கவில்லை. எருது என்ற சொல் வந்தால் பேசிக்கொண்டே நாலு கோட்டில் பலகையில் ஓர் எருதை வரைவார், திரும்பிக்கூடப் பார்க்காமல் அழித்துவிடுவார். அந்த எருது தலையைத் தாழ்த்தி நுகத்துக்கு நிற்கும். கலை வராது என்று சொன்ன மனிதர் இவர்.

மூன்றாம் நாள் சாயங்காலம் கேட்டேன். "சார், உங்க வயலோட சுற்றளவு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அதென்னங்க, தினம் வரப்பு மேல நடக்கறனே."

"பரப்பளவு?"

"அது நாத்துல தெரியுமுங்க. எத்தனை கட்டு நாத்து புடிக்குதுன்னு." சொல்லிவிட்டு அப்படியே நின்றார். "வரப்பச் சுத்தி நடக்கறது வேற, உள்ள எறங்கி நாத்து நடறது வேற. இத ஏனுங்க நான் இத்தனை வருசமா கிளாஸ்ல சொல்லல?"

மறுநாள் பள்ளி மைதானத்தில் கயிறு கட்டி எட்டடிக்கு ஐந்தடியில் ஒரு வயல் போட்டோம். உள்ளே அடிக்கு அடி சுண்ணாம்புக் கோடு போட்டுக் கட்டம் பிரித்தோம். நான் ஓரமாக நின்றேன். வரப்பில் எப்படி நடப்பது என்று காட்டச் சொல்லிப் பிள்ளைகள் சாரைக் கேட்டார்கள். அவர் ஒரு நிமிடம் என்னைப் பார்த்தார். நான் வேறெங்கோ பார்த்தேன். வேட்டியை மடித்துக் கட்டினார், இல்லாத மண்வெட்டியைத் தோளில் வைத்தார், கயிற்றோரம் அடிமேல் அடி வைத்து நடந்தார். நடுவில் நின்று நண்டு வளை இருக்கிறதா என்று குனிந்து பார்த்தார். காலால் மண்ணைத் தள்ளி மிதித்து அடைத்தார். பிறகு இருபத்திரண்டு பிள்ளைகளும் அதே நடையில் கட்டத்துக்கு ஓரடி என்று எண்ணிக்கொண்டே சுற்றினார்கள். இருபத்தாறடி.

பிறகு நடவு. ஓரத்தில் முளைத்திருந்த புல்லைப் பிடுங்கிக் கட்டத்துக்கு ஒரு முடி, ஒரு சின்னக் கற்றை, என்று வைத்தார்கள். அவர்கள் வீட்டு வயல்களில் இப்போது நடுகிறவர்கள் வங்காளத்திலிருந்து வரும் ஆட்கள். அவர்கள் பாடும் பாட்டின் சொல் ஒன்றும் பிள்ளைகளுக்குப் புரியாது, மெட்டு மட்டும் மனப்பாடம். ஒருத்தி முணுமுணுக்க ஆரம்பித்தாள். அந்த மெட்டில் "ஒரு வரிசைக்கு அஞ்சு, ரெண்டு வரிசைக்குப் பத்து" என்று எண்கள் ஏறிக்கொண்டன. நான் சொல்லிக்கொடுக்கவில்லை, சாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

கேட்டுக்கு வெளியே மொபெட்டில் போன, ஒரு பிள்ளையின் அப்பா வண்டியை நிறுத்தினார். புகார் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

"சார், நடவு தப்புங்க" என்றார். "பின்னால போயிட்டே நடோணும். இப்படி முன்னால போனா நட்டதையே மிதிச்சுப் போடுவாங்க."

எல்லாவற்றையும் பிடுங்கி, பின்பக்கமாக நகர்ந்து, மறுபடி நட்டார்கள். இரண்டு தடவையும் நாற்பது முடிதான் பிடித்தது.

வாரக் கடைசியில் சார் அதே எட்டடிக்கு ஐந்தடி வயலைக் கொடுத்துச் சின்னப் பரீட்சை வைத்தார். எல்லோரும் சரியாகப் போட்டார்கள் என்று சொல்ல முடியாது. மூன்று பேர் அப்போதும் பெருக்கி வைத்திருந்தார்கள். ஆனால் ராஜாவா ராணியா என்று கேட்ட பெண் சுற்றளவு இருபத்தைந்து என்று எழுதியிருந்தாள். சார் அவளைக் கூப்பிட்டு எப்படி ஒன்று குறைந்தது என்று கேட்டார்.

"தண்ணி பாய மடை வெட்டியிருக்குமுங்க சார். அந்த ஒரு அடிக்கு வரப்பு இருக்காதுங்க."

அவர் விடைத்தாளை என்னிடம் நீட்டினார். படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன். அதில் முழு மதிப்பெண் போட்டார், கீழே "மடை இல்லாவிட்டால் 26" என்று எழுதினார், பக்கத்தில் மடையைத் தாண்டும் ஒரு தவளையையும் வரைந்தார். அந்த முறை அழிக்கவில்லை.

அந்த வருடம் முழுக்க நான் போன பள்ளிகளில் முதல் கேள்வி ஒன்றுதான்: "நாளைக்கு என்ன பாடம்?" அதற்கடுத்து, அந்தப் பாடத்தில் பிள்ளைகள் எங்கே முட்டி நிற்கிறார்கள் என்று கேட்பேன். பாட்டு வேண்டுமா, படம் வேண்டுமா என்பது அதற்குப் பிறகுதான் தெரியவரும். சில நாள் ஒன்றுமே வேண்டியிருக்காது, டீச்சர் நன்றாகவே சொல்லிக்கொடுத்துக்கொண்டிருப்பார். அப்போது வாயை மூடிக்கொண்டு திரும்பி வரவும் பழகினேன்.

பிறகு எனக்கு மறுபடி மலைக்கே மாற்றல் வந்தது. இங்கே என் ஊர்ப் பேச்சைக் கேட்டு யாரும் சிரிப்பதில்லை. எஸ்டேட் பள்ளியில் புதிதாகச் சேர்ந்த டீச்சர் ஒருத்தி போன மாதம் கேட்டாள். "அக்கா, நீங்க எங்க டிரெயினிங் எடுத்தீங்க?" சித்தூர்ப் பக்கம் ஒரு நாலாம் வகுப்பில் என்று சொன்னேன். அவள் அதை விளையாட்டாக எடுத்துக்கொண்டாள். நான் விளையாட்டாகச் சொல்லவில்லை.

அந்த சார் இன்னும் போன் செய்கிறார். நன்றாக நடந்த வகுப்புகளைப் பற்றி அதிகம் சொல்லமாட்டார். சொதப்பிய நாளில்தான் கூப்பிடுவார். சென்ற வாரம் சாப்பாடு உடம்புக்குள் எப்படிப் போகிறது என்பதைப் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி நடத்தினாராம்.

"வயித்து வேசம் போட்டவன் இட்லிய முன்னாடி தள்ளவே மாட்டேனுட்டானுங்க. சிறுகுடல் அழுதுருச்சு. தலைவலிதான் மிச்சம்."

இரண்டு பேரும் சிரித்து முடிக்க நேரமாயிற்று. பிறகு, "அந்தப் பாடத்துல எங்க முட்டுது சார்?" என்று கேட்டேன். அவர் யோசித்துச் சொல்ல ஆரம்பித்தார். நான் ஒரு தாளை எடுத்து வைத்துக்கொண்டு கேட்டேன். தோற்ற நாளில் ஒருவர் நம்மை நினைத்துக் கூப்பிடுவதைவிடப் பெரிய மரியாதை இந்த வேலையில் எனக்குக் கிடைத்ததில்லை.