கம்பி கட்டிய தாடையோடு மலையேறிய நாள்

மழையில் நனைந்த சரிவில் தேயிலைக் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த அம்மா வழுக்கி விழுந்தாள். தலையில் மாட்டிய பை முதுகில் கனத்தது. இரண்டு கைகளிலும் கொழுந்து. கையை ஊன்ற நேரமில்லை. வடிகால் ஓரத்துக் கல்லில் மோவாய் மோதி, கீழ்த்தாடை இரண்டு இடங்களில் உடைந்தது.

கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் மேல்வரிசைப் பற்களையும் கீழ்வரிசைப் பற்களையும் சேர்த்துக் கம்பியால் கட்டினார்கள். எலும்பு கூடும்வரை வாயைத் திறக்கக் கூடாது, நீராகாரம் மட்டும்தான். வேண்டியதை எழுதிக் காட்டச் சொல்லி நர்ஸ் ஒரு நோட்டைக் கொடுத்தார். அம்மா அதை என் மடியில் வைத்தாள். எங்கள் குடும்பத்தில் எழுதத் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

ஊருக்குக் கிளம்பும் அன்று டாக்டர் என்னிடம் சிறிய கம்பிவெட்டி ஒன்றைத் தந்தார்.

"வாந்தி வந்து மூச்சு முட்டினா இந்தக் கம்பிகளை வெட்டிரணும். மலைப்பாதை வேற. வயித்தைக் காலியா வெச்சுக் கூட்டிட்டுப் போம்மா. புரிஞ்சுதா?"

"புரிஞ்சுதுங்க சார். நான் காலேஜ் படிக்கிறேங்க."

ஆனால் எங்கள் எஸ்டேட் லைன் வீடுகளில் யாரும் வெறும் வயிற்றோடு மலையேற மாட்டார்கள். அப்படி ஏறினால்தான் குமட்டும் என்பார்கள். மேட்டுப்பாளையத்தில் மலை பஸ் ஏறுமுன் ஒரு டம்ளர் வடித்த கஞ்சியை நீட்டினேன். அம்மா வேண்டாமென்று தலையசைத்தாள். நான் விடவில்லை.

பர்லியார் தாண்டி மூன்றாவது வளைவில் அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தாள். முகம் வெளுத்திருந்தது.

"எலுமிச்சம்பழத்த மோந்து பாக்கச் சொல்லு கண்ணு," என்றாள் பின்சீட்டுக்காரி.

"வாயக் கட்டியிருக்குதுங்க! வண்டிய நிறுத்தச் சொல்லுங்க!"

"வளைவுல எப்படிம்மா நிறுத்தறது? படிச்ச புள்ளைக்கு இதுகூடத் தெரியாதா?" என்றார் கண்டக்டர்.

வளைவு தாண்டி பஸ் நின்றதும் அம்மாவை இறக்கிக் குனிய வைத்தேன். கஞ்சி மூக்கிலும் பல்லிடுக்கிலும் வழிந்தது. கம்பிவெட்டியை அவள் உதட்டருகே கொண்டுபோனேன். எந்தக் கம்பி என்று தெரியவில்லை. டாக்டர் காட்டியபோது தலையாட்டினேனே தவிர, சரியாகப் பார்க்கவில்லை. அம்மா ஒரு விரலை உயர்த்தி என்னைத் தடுத்தாள். இருமினாள். நெஞ்சு அதிர மறுபடி இருமினாள். பிறகு மூச்சு வந்தது.

ஆறு வாரம் கழித்துக் கம்பியை எடுத்தார்கள். எலும்பு நேராகக் கூடியிருந்தது.

"போற வழியில ஏதாச்சும் தொந்தரவு இருந்துச்சா?" என்று டாக்டர் என்னைக் கேட்டார்.

நான் வாய் திறக்கவில்லை. அம்மாவின் வாய் ஒரு விரல் நுழையும் அளவுக்கே திறந்தது.

"கஞ்சி குடிச்சுப்போட்டேனுங்க. புள்ள வேண்டாம்னுதான் சொல்லுச்சு."

"படிச்ச பொண்ணு சொன்னா கேக்கணும்மா," என்று டாக்டர் கடிந்துகொண்டார்.

"சரிங்க," என்றாள் அம்மா.