மலையை எடுத்த இடம்

புதன்கிழமை சாயங்காலம் கவிநிலா அப்படிச் சொல்லிவிட்டுப் போனதிலிருந்து குமரேசனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. மிஷினில் உட்காருவார், நாலு தையல் ஓட்டுவார், எழுந்து வாசலுக்கு வருவார். வாசலில் நின்றால் அண்ணாமலையார் மலை தெரியும். கன்னத்தில் போட்டுக்கொண்டு மறுபடியும் உள்ளே போவார்.

செங்கம் ரோட்டில் ஆட்டோவுக்கு சீட் தைக்கிற கடை அவருடையது. அஞ்சாவது வரைக்கும்தான் படிப்பு. அப்புறம் ரெக்சினும் கத்தரிக்கோலுமாக முப்பத்தஞ்சு வருஷம். குளித்துத் திருநீறு இட்டுக்கொள்ளாமல் ஷட்டரைத் தூக்கியதே இல்லை.

கவிநிலாவுக்குப் பிறவியிலேயே கண் தெரியாது. கீழ்பென்னாத்தூர்ப் பொண்ணு, இங்கே ஒரு பேங்கில் வேலை. போன வாரம் ஆட்டோவில் வரும்போது, சீட்டு ஓரத்தில் கயிறு வைத்துத் தைத்திருந்த பைப்பிங்கைத் தடவிக்கொண்டே வந்தவள், தைத்தது யார் என்று டிரைவரிடம் விசாரித்து நேரே கடைக்கு வந்துவிட்டாள். கிரிவலப் பாதையை இதே மாதிரி, விரலால் தடவினால் தெரிகிற மாதிரி தைத்துத் தர வேண்டுமாம்.

"எத்தனையோ வாட்டி சுத்தியிருக்கேண்ணா. ஒவ்வொரு வாட்டியும் யாராவது கையப் புடிச்சு இழுத்துட்டுப் போவாங்க. எனக்கும் அண்ணாமலையாருக்கும் நடுவுல எப்பவும் ஒரு ஆளு. அடுத்த ஞாயித்துக்கிழமை விடியக்காலையில தனியா போவணும்."

குமரேசனுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. பாதைக்குப் பைப்பிங், வழியில் வருகிற எட்டு லிங்கத்துக்கு எட்டு பட்டன், நடுவில் மலை. மலைக்கு மட்டும் நாலு நாள். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, ஸ்பாஞ்சை அடுக்கடுக்காகச் சீவி, மேலே ரெக்சின் போர்த்தி, சரிவுகூட விடாமல் தைத்தார்.

அந்த மலையைத்தான் புதன்கிழமை அவள் தடவிப் பார்த்தாள்.

"ரொம்ப அழகா இருக்குண்ணா. ஆனா விரல் ஏறிடுது, எறங்கினா பாதை எங்கன்னு தெரியல. பேரை எல்லாம் பிரெய்ல் புள்ளி எழுத்துல ஒட்டணும், அதுக்கும் எடமில்ல. மலைய எடுத்துடுங்க."

"மலையையா?"

"மலை எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும்ணா, நடக்குறப்ப வலது கைப்பக்கம். ரோடு எங்க பிரியுதுன்னுதான் தெரியாது."

ராத்திரி சோறு இறங்கவில்லை. "எழில், இங்க மலைதானே சாமியே? அதுல எப்படி பிளேடு வைக்கிறது?" என்றார் மனைவியிடம்.

"ஏங்க, நீங்க தச்சு வச்சதாலதான் மலை அங்க நிக்குதா? எடுத்தா சரிஞ்சுடுமா?" என்றாள் எழில்.

அவரால் சிரிக்க முடியவில்லை. வியாழக்கிழமை கோயிலுக்குப் போனார். சந்நிதியில் நின்றும் மனசு நிற்கவில்லை. கடைசியில் ஒரு வழி பண்ணினார். பழைய ரெக்சினை அப்படியே வைத்துவிட்டு, புதுசாக ஒன்று தைத்தார். அதில் மலை இல்லை. ஆனால் நடுவை வெறுமையாக விடக் கை வரவில்லை; மலைக்கென்று ஒரே ஒரு பட்டன் வைத்தார்.

சனிக்கிழமை கவிநிலா வந்தாள். விரல் பாதையில் ஓடியது. எமலிங்கம் தாண்டியதும் உள்பக்கம் சறுக்கி நடுவிலிருந்த பட்டனில் போய் நின்றது. திரும்ப எண்ணினாள்.

"ஒம்பது வருதேண்ணா! எனக்குன்னு புதுசா ஒரு லிங்கம் பிரதிஷ்டை பண்ணிட்டீங்களா?"

எழில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அது... மலைம்மா" என்றார் குமரேசன்.

"நாளைக்கு இதை நம்பிப் போயிருந்தா, இன்னொரு லிங்கம் வரட்டும்னு திரும்புற எடத்த விட்டுட்டு, நேரா செங்கம் போய்ச் சேர்ந்திருப்பேன்."

குமரேசனுக்குக் குப்பென்று வியர்த்தது. லாரியும் பஸ்ஸும் பறக்கிற ரோடு அது. தன் பக்திக்கு வைத்த ஒரு பட்டன் அந்தப் பொண்ணை எங்கே கொண்டுபோய் விட்டிருக்கும்!

"நான் வேணா பிச்சிடட்டுமாண்ணா?"

"வேணாம்மா. வச்சவன் நானு."

பிளேடை எடுத்தார். "அப்பனே" என்று சொல்லிக்கொண்டே நூலை அறுத்தார். கழன்ற பட்டனை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றவர் முன்னால் எழில் முந்தானையை ஏந்தினாள். நடுவில் வழவழவென்று காலி இடம். கவிநிலா அதில் பெயர்களை ஒவ்வொன்றாக ஒட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கே குமரேசன் சட்டை மாட்டினார்.

"எங்க கெளம்பிட்டீங்க?"

"சும்மா, தூரமா பின்னாடியே..."

"அப்புறம் அதுக்குப் பேரு தனியா போறதா? உக்காருங்க."

உட்கார்ந்தார். எழுந்தார். கடையைத் திறந்தார். ஒரு சீட்டைத் தப்பாக வெட்டினார். எட்டு ஆச்சு, ஒன்பது ஆச்சு. ரோட்டில் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் வாசலுக்கு ஓடி எட்டிப் பார்த்தார்.

ஒன்பதரைக்குக் கைத்தடி தட்டும் சத்தம். கவிநிலா வியர்த்து வழிய நின்றாள், நெற்றி நிறையத் திருநீறு.

"சுத்திட்டேண்ணா. யாரு கையும் புடிக்கல."

குமரேசன் ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

"ஆனா ஒண்ணு. நிருதி லிங்கம் தாண்டி ரோடு வளையுது, நீங்க நேரா தச்சிருக்கீங்க. நேரா ஒரு டீக்கடைக்குள்ள போய் நின்னுட்டேன். அவரு டீ போட்டுக் குடுத்தாரு, குடிச்சுட்டு வந்தேன்."

"எவ்ளோ வளைவும்மா?"

"கம்மிதான். இப்படி." கையோடு கொண்டுவந்த ரெக்சினை மேஜையில் விரித்து, அதன் மேல் விரலை வைத்து மெதுவாக வளைத்துக் காட்டினாள்.

"இரு இரு, அவசரப்படாத" என்று குமரேசன் சாக்பீஸை எடுத்து, அவள் விரல் போன வழியிலேயே பின்னால் கோடு போட்டுக்கொண்டு போனார்.